உடன் எழுதுபவருக்கு விட்டுவைக்கும் இடம்

இருவர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, மாறி மாறிப் பத்தி எழுதி ஒரே கதையை வளர்க்கும் ரோல்பிளே எழுத்தில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. என் பாத்திரம் என்ன நினைக்கிறது, என்ன செய்கிறது என்பதை நான் மட்டுமே எழுதுவேன். உடன் எழுதுபவருக்கும் தம் பாத்திரத்தின் மீது அதே உரிமை உண்டு. இதை மீறுவதைக் காட்மோடிங் என்பார்கள்.

முன்பு ஒரு தொடரில் என் பாத்திரம் ஒரு படகோட்டிப் பெண். உடன் எழுதியவர், தம் பாத்திரம் கத்தியை உருவியதையும், அதைக் கண்டு அவள் துடுப்பைக் கீழே போட்டுக் கெஞ்சியதையும் ஒரே பத்தியில் எழுதி அனுப்பிவிட்டார். யாருக்கும் அஞ்சாதவளாகப் பல வாரங்கள் நான் வளர்த்தெடுத்தவள், ஒரு வரியில் வேறொருத்தியாகிவிட்டாள். எனக்கு அன்று கோபத்தைவிடத் துக்கமே மிகுந்திருந்தது. 'கத்தியை ஓங்கினான்' என்பதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஓங்கினான், நீட்டினான், குறிவைத்தான் என முயற்சியை மட்டும் சொல்லி, விளைவைச் சொல்லாமல் விடும் வினைகள் தமிழில் ஏராளமாக இருக்கின்றன. ஒரு பத்தியை அத்தகைய வினையில் முடிப்பவரோடு எழுதவே எனக்கு விருப்பம்.

ஜப்பானின் ரெங்கா என்னும் தொடர்கவிதை மரபை இதனாலேயே நான் மதிக்கிறேன். 1488-இல் சோகி, ஷோஹாக்கு, சோச்சோ ஆகிய மூவர் மாறி மாறி நூறு கண்ணிகள் இயற்றினார்கள். அம்மரபில் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தைய கண்ணியோடு இணைய வேண்டும். அதற்கும் முந்தையதிலிருந்து விலகிவிட வேண்டும். ஆகவே, தான் முன்பே எண்ணி வைத்த கதையை எவராலும் மற்றவர் மீது திணிக்க முடியாது.

தமிழில் எழுதும்போது விளிச்சொற்களிலும் கவனம் வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். நேற்றுவரை 'நீங்கள்' என்று பேசிய பாத்திரம் இன்று 'நீ' என்றால், அவ்விருவருக்கிடையே ஏதோ நடந்திருக்க வேண்டும். கவனக்குறைவால் அது மாறினால், மெல்லக் கூடிவந்த நெருக்கமோ பகையோ பொருளிழந்துவிடும். கதைகூறல் எழுத்து வழக்கிலும் உரையாடல் அந்தந்த ஊர்ப் பேச்சிலும் அமைவதே எனக்குப் பிடிக்கும்.

பத்தியின் நீளத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் பதில் சொல்வதற்கு ஒரு செயலோ கேள்வியோ இருந்தால் நான்கு வரிகளே போதும்.

கொடுமையும் மரணமும் வரும் காட்சிகளை, கதைக்கு வெளியே இருவரும் பேசி ஒப்புக்கொண்ட பிறகே தொடங்குவேன். பாதியில் ஒருவருக்கு மனம் கனத்தால், காரணம் கேட்காமல் நிறுத்திவிடுவேன். கதையைவிட்டு விலக விரும்புபவரிடமும் விளக்கம் கேட்பதில்லை. விலகுவதாக ஒரு வரி எழுதிவிட்டால், அவருடைய பாத்திரத்தை அதே படகில் ஏற்றி, அவர் விரும்பும் கரையில் இறக்கிவிட்டுத் தொடரை நிறைவு செய்வேன்.