பிறந்த திகதியைச் சரிபார்த்த கதை

மட்டக்களப்பில் ஒரு பயிற்சி நிலையத்தின் இணைய விண்ணப்பத்தைத் திருத்தும் வேலை போன வருடம் என்னிடம் வந்தது. 25/08/1999 என்று அடித்தால் 'பிழையான திகதி' என்று திருப்பி அனுப்புகிறது, அதுதான் முறைப்பாடு. களுவாஞ்சிக்குடியோ ஏறாவூரோ, நம் ஆட்கள் நாளைத்தான் முதலில் எழுதுவார்கள். பழைய கோட் அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டிடம் (இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழி) கொடுத்திருந்தது. சாய்கோடு போட்ட திகதியை அது அமெரிக்க முறையில், மாதத்தை முதலாக வைத்து வாசிக்கும். 25ஆம் மாதம் ஏது?

எனக்குப் பயம் தந்தவை அது ஏற்றுக்கொண்ட திகதிகள். 03/04/1985 என்று எழுதிய பெண், ஏப்ரல் 3 பிறந்தவர், மார்ச் 4 என்று பதிவாகியிருந்தார். இதற்கு எந்த எச்சரிக்கையும் வராது.

நாள், மாதம், வருடம் என்று மூன்று பெட்டிகளாகப் பிரித்தேன். நாட்காட்டிப் பெட்டி குழப்பமில்லாததுதான், ஆனால் ஃபோனில் 1985 வரை பின்னுக்குப் போவது பெரும் பாடு. எழுத்து வடிவத்தைச் சோதிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போதாது, அது எண்களின் வடிவத்தைத்தான் பார்க்கும், அப்படி ஒரு நாள் உண்டா என்று பார்க்காது. 2023 பெப்ரவரி 31 என்று கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் மறுக்காமல் மார்ச் 3 ஆக்கிவிடும். அதனால் மூன்று எண்களையும் கொடுத்து, உருவான திகதியிலிருந்து திரும்ப எடுத்து ஒப்பிட்டேன்; மாறியிருந்தால் அது பிழையான திகதி. ஜாவாஸ்கிரிப்டில் மாதம் 0இலிருந்து தொடங்குவதை (ஜனவரி 0) மறக்கக் கூடாது. சேர்வரிலும் அதே சோதனை.

சேமிப்பதில் இன்னொரு பொறி. நம் நேரம் யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) 5:30 மணி முன்னால். உள்ளூர் நள்ளிரவை யூடிசிக்கு மாற்றினால் முந்தைய நாளாகிவிடும். பிறந்த திகதிக்கு நேரமே தேவையில்லை, 1985-04-03 என்று மட்டும் வைத்தேன்.

அப்புறம் பழைய பதிவுகள். இங்கே கைகொடுத்தது தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு 500 கூடும். 2016இல் வந்த 12 இலக்க அட்டையில் வருடம் நான்கு இலக்கம். எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. அந்தப் பெண்ணின் இலக்கம் 85594 என்று தொடங்கியது: 31, 29, 31, மேலே 3, மொத்தம் 94. ஏப்ரல் 3 உறுதி.

இப்போது புதிய விண்ணப்பத்திலும் இந்த ஒப்பீடு உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு திகதியும் அட்டையில் வேறொன்றும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அதனால் பொருந்தாவிட்டால் படிவம் தடுக்காது, இன்னொரு முறை பார்க்கச் சொல்லும்.