பந்து வருவதற்கு முன்னால்

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்து ஐரோப்பாக் கிளையின் மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது எனக்கு வகுப்பறை எதுவும் நினைவுக்கு வரவில்லை. விடுதிக்குப் பின்னால் இருந்த கால்பந்து மைதானம்தான் வந்தது.

ஏற்காட்டில் நம்மோடு படித்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் சரிவு. பந்து அந்தப் பக்கம் போனால் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கித் தேட வேண்டும். மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரத்தடியில், ஈர இலைகளுக்குள் பாதி புதைந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் நாலரை மணிக்கே மூட்டம் இறங்கிவிடும். நடுக்கோட்டில் நின்றால் இரண்டு பக்கத்துக் கோல் கம்பமும் தெரியாது. பி.டி. சார் அப்போதும் விசில் ஊத மாட்டார். "தெரியாதுன்னு தெரியுதில்ல, அப்ப முன்னாடியே பாத்து வெச்சுக்கணும் கண்ணு. பந்து கால்ல வந்தப்புறம் தலையைத் தூக்கினா வேலைக்கு ஆகாது" என்பார்.

ஏழாம் வகுப்பில் என்னை நடுக்களத்தில் நிறுத்தியவர் அவர்தான். கோல் அடிக்கும் இடம் கிடைக்கவில்லையே என்று எனக்கு அப்போது மனக்குறை. அவர் வைத்த பயிற்சி ஒன்று இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று விரல்களைக் காட்டுவார். முன்னாலிருந்து ஒருவன் பாஸ் போடுவான். பந்து என் காலைத் தொடுவதற்குள் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பந்தை அடக்கினால், எவ்வளவு அழகாக அடக்கினாலும் கணக்கில் சேராது. ஒரு மாதம் கழுத்து வலித்தது.

அவர் அறையில் பழைய ஸ்போர்ட்ஸ்டார் இதழ்கள் அடுக்கி இருக்கும். நெதர்லாந்து நடுக்கள ஆட்டக்காரர் கிளாரன்ஸ் சீடார்ஃபை நான் முதலில் பார்த்தது அங்கேதான். 1992இல் பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் அணிக்கு இறங்கியவர். 1995இல் வியன்னாவில் மிலானை 1–0 என்று வென்று அந்த அணி ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் வாங்கியபோது அவருக்கு வயது பத்தொன்பது. நமக்குப் பிளஸ் டூ முடிந்து கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி ஒரு வருடம் ஆன வயது.

1997இல் சேலம் காந்தி ஸ்டேடியத்தில் நாம் ஆடிய இறுதி ஆட்டத்தை என் வகுப்புக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டம் சமனாகி, பெனால்டி உதைகளால் முடிவு செய்யும் டை பிரேக்கரில் கடைசி உதை என்னுடையது. பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும் சார் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தார். பீட்ரூட் துருவலும் சட்னியும் வழிய வழிய என் கையிலேயே ஊறிக் கிடந்தது, தொண்டையில் இறங்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் வரை பஸ்ஸில் யாரும் என்னிடம் பேசவில்லை.

மறுநாள் மாலை சார் கூப்பிட்டார். 1996 யூரோ கோப்பை காலிறுதியில் பிரான்சுக்கு எதிரான டை பிரேக்கரில் சீடார்ஃபின் உதையைக் கோல் கீப்பர் தடுத்ததையும், அடுத்த ஏப்ரலில் துருக்கிக்கு எதிராகக் கிடைத்த பெனால்டியை அவர் மேலே தூக்கி அடித்ததையும் சொன்னார். "அதுக்காக அவனோட கிளப் ரியல் மாட்ரிட் அவனை வீட்டுக்கு அனுப்பிருச்சா? இனிமே நம்ம டீம்ல எல்லாப் பெனால்டியும் நீதான் அடிக்கிற." அவ்வளவுதான், பந்தை என் கையில் கொடுத்துவிட்டார். படிப்பு முடியும் வரை நான்தான் அடித்தேன்.

அப்புறம் சீடார்ஃப் எங்கே போனாலும் நான் பின்தொடர்ந்தேன். அயாக்ஸுக்குப் பிறகு இத்தாலியின் சாம்ப்டோரியாவில் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்தார். அங்கிருந்து ஸ்பெயினின் ரியல் மாட்ரிட். 1997இல் லீக் பட்டம், 1998இல் சாம்பியன்ஸ் லீக். அந்த இறுதி ஆட்டம் நடந்தது அவர் ஆடி வளர்ந்த ஆம்ஸ்டர்டாமில். பிறகு இன்டர் மிலானில் இரண்டரை ஆண்டு, ஒரு கோப்பையும் இல்லை. அவரைப் பற்றி எழுதுபவர்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அந்த இரண்டரை ஆண்டுதான் பெரிதாகப் படுகிறது. துபாயில் வேலை போய், அடுத்து எந்த ஊர் என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்த நாட்களில் அதைத்தான் நினைத்துக்கொண்டேன். இன்டரிலிருந்து அவர் போனது அதே ஊரில் இருக்கும் ஏசி மிலானுக்கு. அங்கே பத்து ஆண்டு!

2003 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி நடந்தது. யுவென்டஸுடன் மறுபடி டை பிரேக்கர். சீடார்ஃப் பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தபோது அரிசிபாளையத்தில் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன். யுவென்டஸ் கோல் கீப்பர் புஃபோன் தடுத்துவிட்டார். ஆனாலும் மிலான் வென்றது. மூன்று வெவ்வேறு கிளப்புகளுக்காகச் சாம்பியன்ஸ் லீக் வென்ற முதல் ஆட்டக்காரர் ஆனார் அவர். கோப்பையைவிட, அத்தனை முறை தவறிய பிறகும் அவர் உதைக்க வந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். 2007இல் மிலானோடு இன்னொன்று. முப்பத்தாறு வயதில் பிரேசிலுக்குப் போய் பொட்டாஃபோகோவுக்கு ஆடி, 2013இல் ரியோ மாநிலப் பட்டம் வாங்கினார். ஆறு கிளப், நான்கு நாடு.

இன்று நான் இருப்பது நெதர்லாந்தின் அல்மேரே. தென்னமெரிக்காவின் சுரினாமில் பிறந்த சீடார்ஃப் சிறு குழந்தையாக வந்து வளர்ந்த ஊர். வேலை கிடைத்த இடம் அதுவாக அமைந்தது என் பாக்கியம். கடலை வற்றவைத்து உண்டாக்கிய நிலம். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1,500 மீட்டர் மலைமேல் பந்து ஆடியவன் இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் சுரினாம்காரர் ரொட்டிக் கடை ஒன்று உண்டு. கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு, காராமணிக்காய்ப் பொரியல். 1873இல் கல்கத்தாவிலிருந்து லல்லா ரூக் கப்பலில் சுரினாமுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களிடம் தொடங்கிய சமையல் அது. முதல் வாய் வைத்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

போன பொங்கலுக்குச் சேலம் போயிருந்தபோது சாரைப் பார்த்தேன். அழகாபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் மடங்கவில்லை, குரல் அப்படியே இருக்கிறது. 2007 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி இரண்டாவது ஆட்டத்தை மொபைலில் காட்டினேன். மிலானின் சான் சீரோ மைதானத்தில் கொட்டுகிற மழை, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக முப்பதாவது நிமிடம் சீடார்ஃப் தாழ்வாக அடித்த கோல். நான் கோலைக் காட்டிக்கொண்டிருந்தேன். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மொபைலைக் கையில் வாங்கினார்.

"கோலை விடு கண்ணு. இன்னும் கொஞ்சம் பின்னாடி ஓட்டு. பந்து இவன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி பாக்கணும்."

ஓட்டினேன். சீடார்ஃப் நடுக்களத்தில் மழையில் நடந்துகொண்டிருந்தார். சார் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்.