கால்வாயோரம் ஒரு வகுப்பு

கொழும்புக்கு 2018இல் ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகர அங்கீகாரம் கிடைத்தது. பல துறைப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் நிலைபேறான அபிவிருத்திப் பாடத்தை நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். அடுத்த வகுப்பு வெள்ளவத்தைக் கால்வாயடியில். நாற்றத்தை ஸ்லைடில் காட்ட ஏலாது.

தாவரவியல் பிள்ளைகள் தண்ணியை மூடிப் படரும் சல்வீனியாவைத் தேடுவார்கள். சட்டம் படிக்கிறவர்கள் இந்தக் கரை யாருடைய அதிகாரத்துக்குள் வருகிறது என்று கேட்பார்கள். சமூகவியல்காரி ஒருத்தி எங்களை விட்டுவிட்டுக் கரையோர வீட்டு அக்காவோடு கதைத்துக்கொண்டு நிற்பாள்: 2016 மே வெள்ளத்தில் தண்ணி எந்தப் படிவரை ஏறியது, எதை முதலில் தூக்கி மேலே வைத்தீர்கள்? வரைபடத்தில் இல்லாத தகவல் முக்கால்வாசி அவளுடைய கொப்பியில்தான் இருக்கும்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எப்படிச் சரிந்தது என்பதை மண் பொறியியல் விளக்கும். அங்கே கொட்ட ஏன் விட்டார்கள், சனம் ஏன் அந்த அடிவாரத்திலேயே இருந்தது என்பதற்கு வேறு துறை ஆட்கள் வேண்டும்.

பல துறையினர் சேர்ந்து எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரை என்று வந்தால்தான் இழுபறி. பதவி உயர்வுப் புள்ளி எந்தத் துறைக் கணக்கில்? (இதற்கென்றே ஒரு கூட்டம், வடையோடு.) வரும் தவணைக்குப் பொருளியல்காரர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். சதுப்பு தரும் பயனுக்கு விலை போடலாம் என்கிறார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.