கப்பல் காலை 8 மணிக்கு வரும்; விமானம் எத்தனை மணிக்குப் போடுவது?

போன மே மாத விடுமுறையில் அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் 4 இரவுக் கப்பல் பயணம் போய்வந்தோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா, சித்தி என்று ஆறு பேர். பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் காலை மறுபடி சிங்கப்பூர். எந்தக் கப்பல், எந்த அறை என்பதையெல்லாம் இரண்டே நாளில் முடிவு செய்துவிட்டோம். ஊர் திரும்பும் விமானத்தை முடிவு செய்யத்தான் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் வீண் போகவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பயணச் சீட்டில் கடைசி நாளுக்கு நேராக ‘சிங்கப்பூர், வருகை காலை 8.00’ என்று இருந்தது. திருச்சிக்கு அன்று எங்களுக்குத் தோதாக மூன்று விமானங்கள். பகல் 12.15, மாலை 4.50, இரவு 10.40. டிக்கெட் போடும் தம்பி 12.15-க்கே போடலாம் என்றார். “எட்டு மணிக்கு வந்துரும்க்கா. ஏர்போர்ட் அரை மணி நேரம். நாலு மணி நேரம் தாராளம்.” விலையும் அதில்தான் குறைவு. மாலை விமானத்தைவிட ஆளுக்கு 1,800 ரூபாய், ஆறு பேருக்கு 10,800 ரூபாய். சின்னத் தொகை இல்லை. கணவருக்கும் அதுதான் சரி என்று பட்டது.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அம்மாவுக்கு 71 வயது. மூட்டு வலி. நடப்பார், ஆனால் நின்று நின்றுதான் நடப்பார். பின்னால் ஆள் வருவது தெரிந்தால் பதறி வேகமாக நடக்கப் பார்ப்பார், அப்போதுதான் கால் பிசகும். எந்தப் பயணத்திலும் அம்மாவை அவசரப்படுத்தக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

ஒரு பழைய டைரியை எடுத்து வைத்துக்கொண்டு விமான நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 12.15 விமானம் என்றால் செக்-இன் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக 11.15. மூடும் நேரத்துக்குப் போய் நிற்க முடியாது. ஆறு பேர், ஆறு பெட்டி, வீல்சேர் எல்லாம் இருக்கிறது, 10.15-க்காவது அங்கே இருக்க வேண்டும். மரீனா பே கப்பல் முனையத்திலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே வழியாகச் சுமார் அரை மணி நேரம். அப்படியானால் 9.45-க்கு டாக்சியில் ஏறியிருக்க வேண்டும். டாக்சி வரிசைக்கு அரை மணி நேரம் வைத்தால் 9.15. அதற்கு முன் பெட்டி எடுக்க வேண்டும், குடியேற்றச் சோதனை முடிய வேண்டும். கப்பலிலிருந்து 8.30-க்கே கால் வெளியே வைத்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

அந்த 8.30 நடக்குமா என்பதுதான் கேள்வி. சீட்டில் போட்டிருக்கும் 8 மணி, கப்பல் கரை சேரும் நேரம். கயிறு கட்டி, பாலம் இணைத்து, துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகே முதல் ஆள் இறங்க முடியும். இறங்குவதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிடையாது. மூவாயிரம் பேருக்கு மேல் இருக்கும் கப்பலில் பெட்டிக்கு ஒட்டும் வண்ண அட்டையை வைத்துக் கூட்டம் கூட்டமாக அழைப்பார்கள். தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு முதலில் வழிவிடுவார்கள். நாங்கள் அந்த வகையில் சேர முடியாது. வீல்சேர் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கூடத்தில் காத்திருக்க வேண்டும். ஊழியர் ஒருவர் வந்து தள்ளிக்கொண்டு போவார். அவர் எப்போது வருகிறாரோ அப்போதுதான் நம் நேரம்.

இன்னொரு பயமும் இருந்தது. கப்பலும் விமானமும் தனித்தனியாகப் பதிவு செய்தவை. நடுக்கடலில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போய்க் கப்பல் தாமதமானால் விமானக்காரர்களுக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். அன்றைக்கு அன்றே ஆறு பேருக்குப் புது டிக்கெட் எடுப்பதென்றால் நாம் மிச்சம் பிடித்த 10,800 எந்த மூலைக்கு?

கணவரிடம் டைரியைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு, “சரி, அப்ப ராத்திரி பத்தே முக்காலுக்கே போட்டுடலாமா?” என்றார். அதையும் யோசித்தோம். பகல் முழுக்க நேரம் கிடைக்கும், லிட்டில் இந்தியா போகலாம், வீரமாகாளியம்மன் கோயிலைப் பார்க்கலாம். ஆனால் அந்த விமானம் திருச்சியில் இறங்க நள்ளிரவு தாண்டிவிடும். காலை ஆறு மணிக்கு எழுந்த அம்மாவையும் சித்தியையும் அதுவரை உட்கார வைப்பது பாவம். ஒரு ராத்திரி சிங்கப்பூரில் தங்கி மறுநாள் வரலாமா என்றும் விசாரித்தோம். இரண்டு அறைக்குக் கேட்ட வாடகையைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

மாலை 4.50 பொருத்தமாக வந்தது. நான்கு மணி நேரச் சொச்சப் பயணம். நம் ஊர் நேரம் சிங்கப்பூரைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருப்பதால் 6.25-க்கே திருச்சி. விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. வெளியே வந்து வண்டி ஏறினால் எட்டரைக்குள் புதுக்கோட்டையில் வீடு. அதையே போடச் சொன்னோம். கூடவே வீல்சேரையும் பதிவு செய்யச் சொன்னேன்.

டிக்கெட் போட்ட பிறகு இரண்டு வேலை பாக்கி இருந்தது. முதலாவது விசா. கப்பல் ஏறும்போது சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறோம், திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறோம். ஆகவே இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா மல்டிபிள் என்ட்ரியா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். ஆறு விசாவையும் அச்செடுத்து அந்த வார்த்தைக்குக் கீழே பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.

இரண்டாவது, எஸ்ஜி அரைவல் கார்டு. சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகைப் படிவம். ஊரிலிருந்து விமானத்தில் போகும்போது எல்லாரும் இதை நிரப்பிவிடுகிறார்கள். கப்பலில் திரும்பி வரும்போதும் புதிதாக ஒன்று நிரப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும் என்பதால், கப்பல் ஏறும் முன்பே முடித்துவைக்க வழியில்லை. எங்களுக்குத் திங்கள் கிளம்பி வெள்ளி திரும்புதல். புதன்கிழமைதான் கதவு திறக்கும். புதன் நாங்கள் புக்கெட்டில். கரையில் ஒரு இளநீர்க் கடையில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, ரோமிங் சிக்னலில் ஆறு பேருக்கும் நானே நிரப்பினேன். கட்டணம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். நடுக்கடலில் இதைச் செய்யலாம் என்று விட்டிருந்தால் கப்பல் வைஃபைக்கு என்று தனியாகக் காசு கட்ட வேண்டியிருந்திருக்கும்.

புக்கெட்டில் இன்னொன்றும் நடந்தது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி தானாகவே அந்த நேரத்துக்கு மாறிக்கொண்டது. கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. கரையை விட்டு விலகிய பிறகும் என் கைபேசி பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்ததை வியாழன் மதியம் சாப்பாட்டுக் கூடம் மூடும்போதுதான் கவனித்தேன். கடைசி நாள் காலைக்கு வைத்திருந்த அலாரம் ஒரு மணி நேரம் தள்ளி அடித்திருக்கும். சித்தி கையில் கட்டியிருந்த சாதாரண வாட்ச்தான் சரியான நேரம் காட்டியது. தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, அந்த வாட்ச்சைப் பார்த்துக் கைபேசியைத் திருத்தினேன்.

வியாழன் இரவு பெட்டிகளை 11 மணிக்குள் அறை வாசலில் வைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். பச்சை நிற அட்டை, எண் 14. ஆறு பெட்டியையும் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே வந்தால் சித்தி முகம் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறார். பிரஷர் மாத்திரை டப்பா பெரிய பெட்டிக்குள் போய்விட்டது. காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை. நடைபாதைக் கம்பளத்திலேயே பெட்டியைப் படுக்கப் போட்டுத் திறந்தோம். மேலே பேரனுக்கு வாங்கிய சட்டைகள், அதற்குக் கீழே ஈரத்துண்டு சுற்றிய கவர், அதற்கும் கீழே பினாங்கில் வாங்கிய ஜாதிக்காய் மிட்டாய். டப்பா ஒரு காலுறைக்குள் இருந்தது, தொலையக் கூடாதென்று சித்தியே பத்திரமாகத் திணித்து வைத்தது. பெட்டி எடுக்க வந்த ஊழியர் நாங்கள் மூடும்வரை பொறுமையாக நின்றார். கைப்பையில் என்ன இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு ஒரு முறை சரிபார்த்தோம்: மாத்திரை, பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடி, சார்ஜர், காலையில் உடுத்தும் துணி, அம்மாவின் முழங்கால் பட்டை. எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தார்கள். அன்று மாலைதான் திரும்பக் கொடுத்தார்கள். எண்ணி வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நேரத்தோடு சொல்கிறேன், அன்று டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன்.

7.50-க்குக் கப்பல் கரையில் நின்றுவிட்டது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே. பால்கனியிலிருந்து கயிறு கட்டுவதைப் பார்த்த என் கணவர், “பன்னிரண்டே காலே பிடிச்சிருக்கலாம் போலிருக்கே” என்றார். 8.30-க்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். அன்று மதியமே அடுத்த கூட்டம் ஏறப்போகிறது, அதற்குள் அத்தனை அறையையும் சுத்தம் செய்ய வேண்டும். 8.40-க்கு முதல் அறிவிப்பு. வீல்சேர் கூடத்தில் எங்களுக்கு முன் இருபது பேராவது இருந்தார்கள். அம்மா முறை வந்தபோது 9.35.

குடியேற்றச் சோதனை நான் பயந்த அளவுக்கு இல்லை, வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. பெட்டி எடுக்கும் கூடத்தில் 10.05. பச்சை அட்டைப் பகுதியில் ஐந்து பெட்டி இருந்தது, ஆறாவது இல்லை. சித்தியின் பெட்டிதான். இரவில் திறந்து மூடியபோது அட்டை கிழிந்து விழுந்திருக்கிறது. அட்டை இல்லாத பெட்டிகளைத் தனியாக ஓர் ஓரத்தில் வைத்திருந்தார்கள். கைப்பிடியில் சித்தி கட்டியிருந்த மஞ்சள் துணியை வைத்து என் மகள்தான் கண்டுபிடித்தாள். 10.30.

டாக்சி வரிசை வளைந்து வளைந்து போனது. மரீனா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. தோள்பையோடு வருகிற இரண்டு பேர் தாராளமாக அதில் போகலாம். சாங்கி போய்ச் சேர வழியில் இரண்டு இடத்தில் வண்டி மாற வேண்டும். ஆறு பெட்டியோடும் அம்மாவோடும் அதை நினைத்தே பார்க்கவில்லை. ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு மேக்ஸி கேப் கிடைத்தபோது 11.10. விமான நிலைய வாசலில் இறங்கியது 11.40.

12.15 விமானத்துக்கான கவுன்டர் மூடி 25 நிமிடம் ஆகியிருந்தது. கப்பல் முன்னதாக வந்த நாளிலேயே இந்தக் கணக்கு. கணவர் தன் கைபேசியில் நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டார்.

சாங்கியில் காத்திருப்பது சிரமமாக இருக்காது என்பதும் மாலை விமானத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். 2019-இல் திறந்த ஜுவல் கட்டடம் விமான நிலையத்தோடு ஒட்டியே இருக்கிறது. பெட்டிகளைப் பாதுகாப்பாக வைக்க அங்கே கட்டண இடம் உண்டு. பெட்டிகளைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தோம். கட்டடத்துக்குள்ளேயே 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அதன் எதிரே பெஞ்சில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்தார். முழங்கால் பட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் முட்டியை நீவிக்கொண்டே தண்ணீரைப் பார்த்தார். அந்த ஐந்து நாளில் அவர் எந்த நினைப்பும் இல்லாமல் ஓர் இடத்தில் அமர்ந்திருந்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். சித்தி மாத்திரை டப்பாவைக் கைப்பையில் இருக்கிறதா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. எட்டரைக்கெல்லாம் வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

வருகிற ஜனவரியில் அண்ணன் குடும்பம் இதே பயணம் போகிறது. நான்கு பேர், எல்லாரும் நன்றாக நடக்கக் கூடியவர்கள், ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி. நேற்று போனில் எந்த விமானம் போடலாம் என்று கேட்டார். நீங்கள் இரவு 10.40-க்கே போடலாம் அண்ணா, பகலில் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போங்கள் என்றேன். அரைவல் கார்டைப் புக்கெட்டில் நிரப்பச் சொல்லி அண்ணிக்குத் தனியாக ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறேன்.