வலைக்குப் போவதா வேண்டாமா: இரண்டு மணிக்கு முடிவாக வேண்டும்

எங்கள் வீட்டில் பரிசல் என் கணவருடையது, வானிலை என்னுடையது. அவர் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில், தருமபுரி மாவட்டக் கரையான ஒட்டனூர்ப் பக்கம், உரிமம் வாங்கி மீன் பிடிக்கிறார். நான் ஏரியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதி நாள் வேலை பார்க்கிறேன். கையில் செல்போன் இருப்பதால் வீட்டில் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல்முறை நான் மழை எச்சரிக்கையைப் படித்துக் காட்டியபோது, "செல்லைப் பார்த்து மழை வருமென்றால் வானத்துக்கு என்ன வேலை?" என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று நானும் சொல்லவில்லை. எப்போது பார்க்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் இன்றுவரை வழக்கு.

பரிசல்காரர்களின் வேலை நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலையில் வலையை விட்டுவிட்டு வருவார்கள். விடியற்காலையில் போய் எடுப்பார்கள். கட்லா, ரோகு, ஜிலேபி எது மாட்டினாலும் வெயில் ஏறுவதற்குள் வியாபாரியின் வண்டியில் ஏற்றியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் இந்த ஏற்பாடு நேராக இடிமேகத்தின் வாயில் கொண்டுபோய் நிறுத்துகிறது. காலையிலிருந்து காயும் தரை மதியத்துக்குமேல் சூடான ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை எழும்பி, உள்ளே பனித்துகளும் ஆலங்கட்டியும் மோதி மோதி மின்னேற்றம் பிரிகிறது. மூன்று மணியிலிருந்து இரவு எட்டு ஒன்பது மணி வரை எங்கள் பக்கம் இடி இடிப்பது இதனால்தான். அவர் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்புவது நான்கு மணிக்கு.

மின்னல் பாதுகாப்பு என்று எங்கே தேடினாலும் 30-30 என்ற கணக்குதான் முதலில் வரும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கு, 30 நொடிக்குள் இடிச் சத்தம் கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போ, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வராதே. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அப்படியானால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர், முப்பது நொடிக்குப் பத்துக் கிலோமீட்டர். மோட்டார் காரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தூண்டில் போடுகிறவருக்கு இந்தக் கணக்கு போதும். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தால் முடிந்தது. நடுத்தண்ணீரில் பரிசலில் இருப்பவருக்கு இது போதவே போதாது.

ஏனென்று கேட்டால், அவர் வலை விடும் இடத்திலிருந்து கரைக்குத் துடுப்புப் போட்டு வர அரை மணி நேரம் ஆகும். அதுவும் காற்று அடிக்காமல் இருந்தால். மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம் அந்தப் பத்துக் கிலோமீட்டரைப் பதினைந்து இருபது நிமிடத்தில் கடந்துவிடும். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் விழக்கூடும் என்பதால், முதல் இடி காதில் விழும்போதே அவர் மின்னல் எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டார் என்று பொருள். போதாக்குறைக்கு, மழைக்கு முன்னால் ஒரு குளிர்ந்த காற்று திடீரென்று அடித்து வரும். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் காற்றில் அது நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே பரிசலில் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது எங்கள் வீட்டுச் சட்டப்படி செல்லாது. முடிவு கரையில், சாப்பிட்ட கையோடு, இரண்டு மணிக்கு.

தண்ணீர் மின்னலை இழுக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். தண்ணீருக்கு அப்படி ஒரு வசியமும் கிடையாது. தட்டையான நீர்ப்பரப்பில் உயரமாக நிற்கும் ஒரே பொருள் பரிசலில் நிற்கும் மனிதர்தான் என்பதே ஆபத்து. பக்கத்தில் தண்ணீரில் விழுந்தாலும் மின்சாரம் மேல்பரப்பில் பரவும். ஈரத் துடுப்பும் ஈரக் கயிறும் கையில் இருக்கும். பொழுதுபோக்குக்காக வரும் நகரத்துப் பிள்ளைகள் கிராஃபைட் தூண்டில் கழியோடு வருகிறார்கள். அது மின்சாரம் கடத்தும் பொருள். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு மணிக்கு நான் என்ன பார்க்கிறேன் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். காலையிலேயே சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படித்துவிடுவேன். அதில் 'ஓரிரு இடங்களில்' என்றிருந்தால் அந்தப் பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் மழை பதிவாகாது என்ற கணக்கு; 'சில இடங்களில்' என்றால் பாதி வரை. நாளை மாலை ஒட்டனூரில் இடி விழுமா என்று முந்தின நாள் எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. இடிமேகம் அவ்வளவு சிறியது, அவ்வளவு சீக்கிரம் உருவாகிக் கலைகிறது. அறிக்கை சொல்வது, இன்றைக்கு அதற்கான பதம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே. இருக்கிறது என்றால் அன்று நான் கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை.

எச்சரிக்கை நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளை எங்கள் பக்கம் யாரும் மதிப்பதில்லை. சிவப்பு வந்தால் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கரையேறி வலுவிழந்து வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் பரிசலைத் தொடு என்று சொன்னாலும் ஒருவரும் தொடமாட்டார்கள். சித்திரை மாதத்து இடிமழைக்கு வருவது பெரும்பாலும் மஞ்சள்தான். மழை இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, தரை நனையாது, ஆனால் ஒரு மின்னல் போதும். 2022-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 2,887 பேர் மின்னல் தாக்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. மழையின் அளவை வைத்து மின்னலின் ஆபத்தை எடைபோடக் கூடாது என்று மாமனாரிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது.

மதியம் ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று மாவட்டவாரியாக அறிவிப்பு வெளியிடும். உதவிதான், ஆனால் தருமபுரி மாவட்டம் கிட்டத்தட்ட 4,500 சதுர கிலோமீட்டர். அரூரில் கொட்டும் மழைக்கு நாங்கள் இங்கே குடை பிடிக்க முடியாது. ஆகவே அடுத்ததாகத் தாமினி செயலி. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுகிறதா என்று காட்டும். நாற்பதுக்குள் ஒன்று விழுந்தாலும் எங்கள் வீட்டில் பரிசல் கவிழ்த்தபடியே கிடக்கும். இருபது வரை பொறுக்கலாம் என்பது கொழுந்தனாரின் வாதம். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, வாதாடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மலைகளுக்கு நடுவே நீர்ப்பரப்பில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. செயலியை நம்பித் தண்ணீருக்குள் போவதைவிட, செயலியைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குப் போகாமல் இருப்பதுதான் அதன் உபயோகம்.

பிறகுதான் மாமனாரின் வானம். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் எதிரே கோட்டையூர், அதற்கும் அப்பால் மேற்கே மாதேஸ்வரன் மலைப் பக்கம். ஒரு நாள் அவரும் நானும் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்து மேகம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அதன் தலை உலைமூடியைத் தள்ளும் நுரை போல உருண்டு உருண்டு எழும்பியது. ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தன. "இது இன்னும் வளர்கிறது" என்றார். கொஞ்ச நேரத்தில் உச்சி தட்டையாகப் பரவி, ஓரம் கலங்கி, ஒரு பக்கமாக நீண்டது. "பழுத்துவிட்டது" என்றார். செயலியில் அப்போதுதான் முதல் புள்ளி விழுந்தது. உச்சி பனியாக உறைந்து பரவுவதைத்தான் அவர் பழுத்தது என்கிறார். எண்பது வயதை நெருங்கும் கண்களுக்கு அது தெரிகிறது என்பதை நான் எங்கும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அதை அவர் வேப்பமரத்தடியில் இருந்து சொன்னார், தண்ணீரில் இருந்து அல்ல. என் கட்சியும் அதுதான்.

மீன் என்ன ஆவது? கேட்கத்தான் செய்வீர்கள். ஒரு மாலை வலை விடாவிட்டால் மறுநாள் காலைக் கூடை காலி. வலை வாங்க முன்பணம் கொடுத்த வியாபாரிக்கு மேகத்தின் கதையெல்லாம் வேண்டாம், மீன்தான் வேண்டும். பக்கத்து ஊர்களில் கறுத்த வானத்தைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவர்கள் வானிலை தெரியாதவர்கள் இல்லை, கடன் தெரிந்தவர்கள். அவர்களுக்கு 30-30 பாடம் நடத்த எனக்கு வாய் வராது.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. கோடையில் முடிந்தவரை வலையை மாலையில் விடுவதில்லை. காலை மீனை இறக்கிச் சாப்பிட்டுவிட்டு உடனே போய் விட்டுவிட்டு, ஒரு மணிக்குள் கரை ஏறிவிடுவார். இதற்கு விலை உண்டு. வெயில் நேரம் முழுவதும் வலை தண்ணீரில் கிடப்பதால் முதலில் மாட்டிய மீன் வெதுவெதுப்பான தண்ணீரில் விடியும்வரை இருந்து நிறம் மாறிவிடுகிறது. நீர்நாய்கள் வேறு. கூட்டமாக வந்து மீனின் வயிற்றைக் கடித்துவிட்டு, வலையையும் கிழித்துவிட்டுப் போகும். கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டு அவர் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்கு எந்தச் செயலியும் எச்சரிக்கை தருவதில்லை. வலையைப் பின்னிவிடலாம் என்று நானும் திரும்பப் பார்ப்பேன். இன்னொரு விதி: பாதி வலை விட்டிருக்கும்போது இடி கேட்டால், மீதியைச் சுருட்ட நிற்கக் கூடாது. முனையைக் காலி பிளாஸ்டிக் கேனில் கட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

கரை ஏறிவிட்டால் ஆயிற்றா என்றால், அதுவும் இல்லை. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நிரம்பியிருக்கும்போது தண்ணீர் ஊரின் காலடியில் நிற்கும். கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்கக் கரை பின்வாங்கி, ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவே வெறும் பொட்டல் விரிகிறது. ஆங்காங்கே கம்பும் எள்ளும் விதைத்திருப்பார்கள். ஒதுங்க ஒரு சுவர் கிடையாது. பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அந்த வெளியில் நடக்கும் மனிதர் தண்ணீரில் நின்றதைவிட அதிகப் பத்திரமாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தனிமரத்தடி ஆகவே ஆகாது. மரத்தில் விழுந்தது பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். நான்கு கம்பத்தில் தகரம் போட்ட கொட்டகை மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. மின்கம்பியும் குழாயும் உள்ள கான்கிரீட் வீடு, இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார், பஸ் அல்லது மீன் வண்டியின் டிரைவர் கேபின். மோட்டார் சைக்கிள் கணக்கில் வராது. ரப்பர் செருப்பு காப்பாற்றும் என்பதும், செல்போன் மின்னலை இழுக்கும் என்பதும் இரண்டுமே பொய். இடி இடித்தால் அத்தை "அர்ஜுனா, அர்ஜுனா" என்பார். எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டு சொல்கிறார்.

யாராவது அடிபட்டுவிட்டால் தொடப் பயப்படாதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்துங்கள். மின்னல் பெரும்பாலும் இதயத்தை நிறுத்தித்தான் கொல்கிறது. உடனே அழுத்தினால் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

ஆடியில் கணக்கே வேறு. அப்போது இங்கே ஒரு துளி மழை இல்லாமலே தண்ணீர் ஏறும். வயநாட்டில் பெய்வது கபினி அணை நிரம்பிக் காவிரி வழியே வந்து சேரும். கர்நாடக எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று தினமும் பார்க்க வேண்டும். ஒகேனக்கலில் பரிசல் இயக்கத் தடை என்று செய்தி வந்தால் எங்களுக்கும் அது அறிவிப்புதான். அதைத் தனியாக எழுதுகிறேன்.

பரிசல் துறைக்குப் பக்கத்தில் இடிதாங்கியோடு ஒரு கான்கிரீட் அறை கட்டித் தரவேண்டும் என்று பெண்கள் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். ஜெராக்ஸ் என் செலவு. கோடையில் தண்ணீர் இறங்கும்போது அந்த அறை தூரமாகிவிடுமே என்று கொழுந்தனார் கேட்கிறார். அப்படியானால் இரண்டு அறை கேட்போம் என்று மனுவைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.