உரக்குழியில் ஓடும் மில்லிமீட்டர் வண்டுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் விளையில் பலாமரத்துக்குக் கீழேதான் உரக்குழி. சாணி, வாழைச்சருகு, ரப்பர் இலை, கதம்பைத் தூள் (தேங்காய் மட்டைத் தூள்) எல்லாம் அதற்குள் விழும். மேலே கிடக்கும் காய்ந்த இலையை ஒதுக்கிவிட்டு, பாதி மக்கியதை ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் உதறினால் முதலில் வெறும் தூள்தான் தெரியும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். அப்புறம் அந்தத் தூளிலேயே சில விறுவிறுவென்று ஓட ஆரம்பிக்கும்.

பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுத்த வண்டுகள். டிலிடே என்ற குடும்பம். அதில் அக்ரோட்ரைக்கிஸ் என்ற பேரினம் சாணத்திலும் மக்கும் இலையிலும் உலகம் முழுக்கக் கிடைப்பது. எங்கள் குழியில் இருப்பவையும் அந்தச் சாயல்தான்: முட்டை வடிவ உடம்பு, படிந்த மயிர், வயிற்றின் நுனியை மூடாமல் விட்ட முன்சிறகு. மக்குகிற பொருளில் படரும் பூஞ்சை இழையும் வித்துகளும்தான் இவற்றின் சாப்பாடு.

நாகர்கோவிலில் ஒரு நண்பரின் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். முன்சிறகுக்கு அடியிலிருந்து ஒரு மயிர்க்கொத்து பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பறக்கிற சிறகு! ஊசியால் மெல்லப் பிரித்தபோது நடுவில் ஒல்லியான காம்பு, இரண்டு ஓரமும் வரிசையாக நீண்ட மயிர். கோழி இறகு மாதிரியேதான்.

இந்த மயிர்ச்சிறகு எப்படி உடம்பைத் தூக்குகிறது? இவ்வளவு சின்ன உயிருக்குக் காற்றே பிசுபிசுப்பான திரவம்போலத்தான். மயிர்களுக்கு நடுவே காற்று லேசில் புகுந்து போகாது. அதனால் முழுச் சவ்வுச் சிறகு செய்யும் வேலையில் பெரும்பகுதியை மயிரே செய்துவிடுகிறது, எடையும் குறைவு. பாராடுபோசா பிளசென்டிஸ் என்ற 0.4 மில்லிமீட்டர் வண்டு பறப்பதை வேகக் கேமராவில் படம்பிடித்து 2022-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சிறகு எட்டுப் போட்ட மாதிரி சுழல்கிறது. மூடிபோன்ற முன்சிறகுகள் உடம்பு அதிகம் ஆடாமல் பிடித்துக்கொள்கின்றன. எனக்கு இதைவிடப் பெரிய பொறியியல் தெரியாது.

முட்டையும் ஆச்சரியம்தான். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் வளரும், அதுவும் தாயின் நீளத்தில் கிட்டத்தட்ட பாதி. சில இனங்களில் ஆணே இல்லாமல் வம்சம் நடக்கிறது.

ஆனி மழை, ஐப்பசி மழை இரண்டும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. சருகு ஈரம் காயாமல் கிடக்கும், பூஞ்சைக்கும் குறைவில்லை. ஆனால் தை, மாசியில் ரப்பர் இலை உதிர்ந்ததும் முற்றத்தைப் பெருக்கிக் குவித்துத் தீ வைப்பது வழக்கமாகிவிட்டது. அதைப் பார்க்கும்போது மனது பொறுக்கவில்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். “பாம்பு வந்து கிடக்கும் மக்கா” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். வீட்டைச் சுற்றிப் பெருக்கிக்கொள்ளலாம், விளையின் கிழக்கு ஓரத்துக் குவியலை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று பேசி முடித்தோம். இந்த ஐப்பசியில் அந்தக் குவியலையும் தட்டில் உதறிப் பார்க்க வேண்டும்.