டிமக்ஸுக்குள் போட்டும் செத்துப்போன வேலை

இரவெல்லாம் ஓட வேண்டிய டேட்டாபேஸ் மாற்றம் அது. வழக்கம்போல டிமக்ஸுக்குள் (கனெக்‌ஷன் போனாலும் டெர்மினல் வேலைகளை ஓடவைத்திருக்கும் நிரல்) ஆரம்பித்து, கன்ட்ரோல்-பி, டி அழுத்தி டிட்டாச் செய்து, அதாவது வேலையை ஓடவிட்டுப் பிரிந்து, அந்த மெஷினுக்குள் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்சிலிருந்து வெளியே வந்தேன். காலையில் அட்டாச் செய்து மறுபடி சேரப் பார்த்தால், பின்னணியில் இருக்க வேண்டிய டிமக்ஸ் சர்வரே ஓடவில்லை என்கிறது. மெஷின் ரீபூட் ஆகவில்லை, மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றதாக லாகிலும் எதுவும் இல்லை. பாதியில் நின்ற டேட்டாபேஸ் மட்டும் மிச்சம்.

அந்த மெஷினைப் பராமரிப்பவரிடம் கேட்டேன். "டிமக்ஸில் ஏதாவது பக் இருக்கும், ஸ்கிரீன் போட்டுப் பாருங்க" என்று ஒரே வரியில் பதில். ஸ்கிரீனும் டிமக்ஸ் செய்யும் அதே வேலையைச் செய்வது; 1987-லேயே வந்ததுதானே, நம்பலாம் என்று போட்டேன். அதுவும் செத்தது. எரிச்சலாக இருந்தாலும், துப்பு கிடைத்தது அதில்தான். தனித்தனி நிரல்கள் இரண்டும் ஒரே மாதிரி சாகின்றன என்றால், கொல்வது வெளியே இருக்கும் ஏதோ ஒன்று.

அது சிஸ்டம்டி, லினக்ஸில் சேவைகளையும் லாகின்களையும் நிர்வகிக்கும் மென்பொருள். அதில் லாகின்களைக் கவனிக்கும் பகுதியான லாகின்டின் கான்ஃபிக் ஃபைலில் கில்-யூசர்-ப்ராசஸஸ் என்று ஒரு அமைப்பு உண்டு. 2016-இல் வந்த 230-ஆம் பதிப்பிலிருந்து சிஸ்டம்டியின் மூல வெளியீட்டில் அதன் இயல்புநிலை 'எஸ்' (ஆம்). டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் அதை 'நோ' ஆக்கித் தருவதால் பலருக்கு இந்தத் தொல்லை தெரிவதே இல்லை. 'எஸ்' என்று இருந்தால், நீங்கள் லாக்அவுட் செய்ததும் அந்த லாகினில் பிறந்த ப்ராசஸ் எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். நோஹப் கட்டளையும் உதவாது. அது தடுப்பது, டெர்மினல் மூடும்போது வரும் ஹேங்அப் சிக்னலை மட்டும்தான்.

என்னை அதிகம் குழப்பியது, சில நாள் செஷன் பிழைத்ததுதான். டிமக்ஸ் சர்வரை முதலில் கிளப்பிய லாகின் எதுவோ, அது மூடினால்தான் சாவு. வேறொரு கனெக்‌ஷனிலிருந்து அட்டாச் செய்து வெளியேறினால் ஒன்றும் ஆகாது. ஆகவே சோதிக்கும்போது புதிதாக லாகின் செய்து, டிமக்ஸில் ஒரு ஸ்லீப் ஓடவிட்டு, அதே லாகினை மூடிப் பாருங்கள்.

தீர்வுக்கு இரண்டு கட்டளைகளும் வேண்டும். லாக்அவுட்டுக்குப் பிறகும் பயனரின் சிஸ்டம்டியை ஓடவிடும் லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் மட்டும் போட்டால் போதும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள், போதாது. அப்புறம் டிமக்ஸையும் சிஸ்டம்டி-ரன் வழியாக, யூசர், ஸ்கோப் ஆப்ஷன்களோடு கிளப்ப வேண்டும்; அப்போதுதான் அது அந்த லாகினுக்கு வெளியே ஓடும். லிங்கருக்கு நிர்வாகி அனுமதி கேட்டது. அதே ஆளிடம்தான் போய் நின்றேன்; இந்த முறை இதைச் சொல்லும் மேனுவல் பக்கத்தின் வரியையே ஒட்டி அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் செய்துகொடுத்தார்!

சரி, முடிந்தது என்று பார்த்தால், மீண்டும் ஒருநாள் சர்வர் இல்லை என்ற அதே செய்தி. ஆனால் ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் டிமக்ஸ் உயிரோடு இருக்கிறது. யாரோ எழுதிவைத்த சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட், டெம்ப் டைரக்டரியில் இருந்த டிமக்ஸின் சாக்கெட்டை, அதாவது சர்வரைத் தொடர்புகொள்ள உதவும் ஃபைலை, கூட்டித் தள்ளியிருந்தது. இந்த நிலையில் அவசரப்பட்டு வெறும் 'டிமக்ஸ்' என்று அடிக்காதீர்கள். அதே இடத்தில் புது சர்வர் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய சர்வரின் பிஐடிக்கு (ப்ராசஸ் எண்) யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பினால் சாக்கெட்டை அதுவே மறுபடி உருவாக்கும். டெம்ப்புக்குள் சாக்கெட் இருந்த டைரக்டரியும் போயிருந்தால், முதலில் அதை 700 அனுமதியோடு (உரிமையாளருக்கு மட்டும்) உருவாக்குங்கள். சிக்னல் அனுப்பி, அட்டாச் அடித்து, ஓடிக்கொண்டிருந்த வேலை அப்படியே கண்முன் வந்தபோது எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

இன்னொன்று: டிமக்ஸில் மேலே உருட்டிப் பார்க்கக் கிடைக்கும் பழைய வரிகள் (ஸ்க்ரோல்பேக்) இயல்பாக 2000தான். அதன் அளவான ஹிஸ்டரி-லிமிட்டைக் கூட்டினாலும் அது புதிதாகத் திறக்கும் விண்டோக்களுக்குத்தான் பொருந்தும். வேலையின் ஆரம்பத்தில் வந்த எரர் வேண்டுமென்றால் அவுட்புட்டை டீ கட்டளை வழியாக ஒரு ஃபைலிலும் எழுதவிடுங்கள்.